மேகத்துக்குக் கீழே ஓர் ஓவிய வகுப்பு

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்ததையும் நீக்கியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா தினம், ஓவியப் போட்டி, மூன்றாம் பரிசு. உங்களில் நிறைய பேர் ஸ்கூல்ல இந்தப் போட்டியைக் கடந்துதான் வந்திருப்பீங்க. காலையில் பிரேயரில் அறிவிப்பு, மத்தியானம் ஆளுக்கொரு சார்ட் பேப்பர், ஒன்றரை மணி நேரம். நான் என்ன வரைந்தேன் என்று யோசிக்கவே வேண்டாம். நடுவில் பெரிய காளான் மேகம். ஒரு மூலையில் இலையைக் கவ்விய வெள்ளைப் புறா. கீழே 'போர் வேண்டாம்' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில், எழுத்திலிருந்து ரத்தம் சொட்டுகிற மாதிரி. முதல் பரிசு வாங்கியவனும் அதையேதான் வரைந்திருந்தான். அவனுடைய புறா நல்லா இருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ராத்திரி. ஆபீஸில் ஒரு ரிலீஸ் முடிந்து தூக்கம் வராமல் லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருந்தபோது, ஹிரோஷிமாவில் இருக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வரைந்த ஓவியங்கள் கண்ணில் பட்டன. எல்லாம் அணுகுண்டு நாளைப் பற்றியவை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை. ஒரு மணி நேரம் பார்த்தேன். நான் பார்த்த ஒரு படத்திலும் காளான் மேகம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. என் சார்ட் பேப்பருக்கு அந்த மேகம் எங்கிருந்து வந்தது? சமூக அறிவியல் புத்தகத்தில் இருந்த போட்டோவிலிருந்து. அந்த போட்டோவை எடுத்தது யார்? பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஹிரோஷிமா மேகத்தின் பிரபலமான படங்களில் ஒன்றை எடுத்தவர் ஜார்ஜ் கேரன். குண்டைப் போட்ட 'எனோலா கே' விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அமெரிக்க வீரர். குண்டு போட்டவுடன் விமானம் திரும்பி விலகிப் பறந்தது. அதனால் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அவருக்குத்தான் நகரம் முழுசாகத் தெரிந்தது. கையில் கொடுக்கப்பட்டிருந்த கேமராவில் எடுத்தார். ஆக, நாங்கள் ஸ்கூலில் வருஷா வருஷம் அமைதிக்காக வரைந்த மேகம், குண்டு போட்ட விமானத்திலிருந்து தெரிந்த மேகம்.

கீழே இருந்தவர்களுக்கு அது மேகமாகவே தெரியவில்லை. ஹிரோஷிமாவில் குண்டுக்கு ஒரு பேர் உண்டு: 'பிகா-டோன்'. பிகா என்றால் பளீர் வெளிச்சம், டோன் என்றால் வெடிச்சத்தம். இதில் ஒரு விஷயம் இருக்கு. கொஞ்சம் தள்ளி இருந்தவர்கள்தான் 'பிகா-டோன்' என்பார்கள். மையத்துக்குப் பக்கத்தில் இருந்து பிழைத்தவர்கள் பலர் வெறும் 'பிகா' என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்குச் சத்தம் கேட்ட ஞாபகமே இல்லை. வெளிச்சம், அப்புறம் இருட்டு. அவர்கள் மேகத்துக்கு உள்ளே இருந்தார்கள்.

தரையிலிருந்தும் மேகத்தைப் படம் எடுத்தவர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் பையன்கள். யமாடா செய்சோவுக்கு அப்போது 17 வயது. நகரத்துக்கு வெளியே, ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இருந்தார். வெடித்து இரண்டு நிமிடம் வாக்கில் எடுத்தார். தரையிலிருந்து எடுத்ததிலேயே முதல் படம் அதுதான் என்று நம்பப்படுகிறது. இன்னொருவர் ஃபுகாடா தோஷியோ. போர்க்கால வேலைக்குத் திரட்டப்பட்ட பள்ளி மாணவர், ராணுவ ஆயுதக் கிடங்கில் இருந்தார். வெடித்த இடத்திலிருந்து 2.7 கிலோமீட்டர்தான். சுமார் இருபது நிமிடம் கழித்து நாலு படம் எடுத்தார். அவருடைய படங்களில் காளான் வடிவமே இல்லை. ஃபிரேமுக்குள் அடங்காத ஒரு புகைச் சுவர், பொங்கிப் பொங்கி மேலே போய்க்கொண்டிருக்கும். இவ்வளவு பக்கத்தில் நின்றால் அது இப்படித்தான் இருக்கும் என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, மேகம் இருக்கட்டும். அதுக்குக் கீழே என்ன நடந்தது என்பதற்குப் படம் இருக்கா? அன்றைக்கே, நகரத்துக்குள்ளே, மனிதர்களை எடுத்த படம்?

நமக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் எடுத்தார். மட்சுஷிகே யோஷிதோ, 32 வயது, 'சூகோக்கு ஷிம்புன்' பத்திரிகையின் போட்டோகிராபர். வீடு மையத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் பிழைத்தார். கேமராவை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போகப் பார்த்தார், தீ விடவில்லை. காலை 11 மணி வாக்கில் மியுகி பாலத்தின் மேற்குப் பக்கம் வந்து நின்றார். அங்கே எரிந்துபோன மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தீக்காயங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

கேமராவைத் தூக்கிவிட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் ஷட்டரை அழுத்த முடியாமல் நின்றதாக அவரே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு படம் எடுத்தார். கொஞ்சம் பக்கத்தில் போய் இன்னொன்று. அப்போது கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிவிட்டது என்றார். அதற்கப்புறம் நகரத்தில் நடந்து போனபோது, ஒரு டிராம் வண்டிக்குள் இறந்து கிடந்தவர்களைப் பார்த்தார். எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் கையில் 24 படத்துக்கு ஃபிலிம் இருந்தது. அழுத்தியது ஏழு தடவை. படமாக வந்தது ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டுதான் பாலத்தில் எடுத்தவை. மற்றவை சேதமான தன் வீட்டிலும் பக்கத்திலும் எடுத்தது, தலையில் கட்டோடு பாதிப்புச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கும் ஒரு போலீஸ்காரரை எடுத்தது என்று போகும்.

யோசிச்சுப் பாருங்க. சுமார் 3,50,000 பேர் இருந்த நகரம். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது நகராட்சியின் கணக்கு. அந்த நாளுக்கு, மனிதர்களுக்கு நடுவில் நின்று எடுத்த சாட்சி ஐந்து ஃபிரேம். இன்னிக்கு நாம் ஒரு தோசைக்கு அதைவிட அதிகமாக எடுக்கிறோம்.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்தப் பாலத்துப் படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர், அது நான்தான் என்று பிற்பாடு சொன்னார். சூபோய் சுனாவோ. அப்போது 20 வயது, இன்ஜினியரிங் மாணவர். அதைப் படித்தபோது எனக்கு ஏதோ பண்ணியது. செமஸ்டர் லீவில் எங்கேயாவது நடந்து போய்க்கொண்டிருக்கிற வயசு. இனிப் பிழைக்க மாட்டோம் என்று நினைத்து, 'சூபோய் இங்கே இறந்தான்' என்கிற மாதிரி ஒரு கல்லால் தரையில் எழுதினார். ஆனால் பிழைத்தார். அணுகுண்டுக்கு எதிரான இயக்கத்தின் முக்கியமான குரல்களில் ஒருவரானார். 2016-இல் ஒபாமா ஹிரோஷிமா வந்தபோது கையைப் பிடித்துப் பேசிய முதியவர் அவர்தான். 2021-இல் இறந்தார்.

பாலத்தில் ஏன் அவ்வளவு பள்ளிப் பிள்ளைகள் என்று கேட்கலாம். இது நம் கதைக்கு முக்கியம். போரின் கடைசிக் காலத்தில், வான் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க மர வீடுகளை வரிசையாக இடித்துத் திறந்தவெளி உண்டாக்கினார்கள். ஆண்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள். அதனால் இடித்த ஓடுகளையும் மரத்தையும் அள்ள 12, 13 வயதுப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். ஆகஸ்ட் 6 காலையில் நகரத்தின் நடுவில் இந்த வேலையில் இருந்த மாணவர்கள் 8,000-க்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 6,000 பேர். குண்டு வெடித்தது 8:15-க்கு. பிள்ளைகள் வெயிலில், வெட்டவெளியில் வேலையைத் தொடங்கியிருந்த நேரம்.

அந்த மாணவர்களில் ஒரு கூட்டம், நகராட்சி நடத்திய ஒரு நடுநிலைப் பள்ளியைச் சேர்ந்தது. அந்தப் பள்ளி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இழந்தது. போருக்கப்புறம் அது மேல்நிலைப் பள்ளியாக மாறியது. பேர், மோட்டோமாச்சி. அன்று ராத்திரி நான் பார்த்துக்கொண்டிருந்த ஓவியங்களை வரைந்த பிள்ளைகள் படிப்பது அங்கேதான்.

அங்கே போவதற்கு முன்னால் 1974-க்குப் போகணும். ஏன் என்றால், வரையலாம் என்கிற எண்ணம் ஸ்கூலில் தொடங்கவில்லை. ஒரு தாத்தாவிடம் தொடங்கியது.

போருக்கப்புறம் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இருந்தவரை அணுகுண்டுச் சேதத்தைப் பற்றி எழுதுவதும் படம் போடுவதும் எளிதாக இல்லை. மட்சுஷிகேயின் படங்கள் 1946-இல் உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் வந்தன. உலகம் பார்த்தது, ஆக்கிரமிப்பு முடிந்து, 1952 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகை வெளியிட்டபோதுதான். ஆனால் உயிர் பிழைத்தவர்கள் பெரும்பாலும் பேசவில்லை. கல்யாணச் சந்தையிலும் வேலையிலும் ஒதுக்கப்படுவோம் என்ற பயம் ஒரு பக்கம். சொன்னால் யாருக்குப் புரியும் என்கிற அலுப்பு இன்னொரு பக்கம்.

1974 மே மாதம், கோபயாஷி இவாகிச்சி என்ற 77 வயது மனிதர் ஹிரோஷிமாவில் இருக்கும் என்.எச்.கே. தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு படத்தோடு வந்தார். அவரே வரைந்தது. டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர் அவருடைய ஞாபகத்தைக் கிளறிவிட்டிருந்தது. குண்டு விழுந்த அன்று சாயங்காலம் 4 மணிக்கு ஒரு பாலத்தின் பக்கம் தண்ணீர் கேட்டு விழுந்து கிடந்தவர்களை, 29 வருஷம் கழித்து, வரைந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஓவியரில்லை. நிலையத்தில் இருந்தவர்கள் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, உங்களிடமும் இருந்தால் வரைந்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக வந்து சேர்ந்தவை 2,225 படங்கள்.

காலண்டரின் பின்பக்கம், விளம்பர நோட்டீஸின் பின்பக்கம், பேரப்பிள்ளையின் க்ரேயான். பள்ளி விட்டபிறகு பென்சிலையே தொடாதவர்கள் வரைந்தவை. கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். பக்கத்திலேயே எழுத்தும் இருக்கும்: இது இந்த இடம், இது என் அக்கா, இது சிவப்பாக இருந்தது. நான் முதலில் பார்த்தபோது, சொல்லவே கூச்சமாக இருக்கு, 'என்ன சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி இருக்கே' என்றுதான் நினைத்தேன். பத்துப் படம் தாண்டியதும் அந்த எண்ணம் போய்விட்டது. மட்சுஷிகே எடுக்க முடியாத படங்கள் இவைதான். டிராம் வண்டி, ஆறு, தண்ணீர்த் தொட்டி. ஷட்டரை அழுத்த முடியாத இடங்களில் எல்லாம், முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் க்ரேயானை எடுத்திருக்கிறார்.

அவற்றில் ஒரு பகுதி புத்தகமாக வந்து, ஆங்கிலத்தில் 'அன்ஃபர்கெட்டபிள் ஃபயர்' என்ற தலைப்போடு வெளியானது. யு2 ரசிகர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஆமாம், 1984 ஆல்பத்தின் பேர் இங்கிருந்து வந்ததுதான். சிகாகோவில் இந்தப் படங்களின் கண்காட்சியைப் பார்த்த பாதிப்பு. 2002-இல் மறுபடியும் கேட்டபோது இன்னும் ஆயிரத்துக்கு மேல் வந்தன.

ஆனால் வயது ஏறிக்கொண்டே போகிறது. கை நடுங்குகிறது. ஞாபகம் இருக்கிறது, வரைய முடியவில்லை. பலருக்கு எப்போதுமே வரைய வந்ததில்லை. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் பள்ளி மாணவர் கூட்டங்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லும் சாட்சியாளர்கள் இருக்கிறார்கள். 'எல்லாரும் எரிஞ்சுபோய் வரிசையா நடந்து வந்தாங்க' என்று அவர்கள் சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் மனதில் ஓடுவது ஏதோ ஜாம்பி படம். இது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் வேண்டும்.

2007-இல் அருங்காட்சியகமும் மோட்டோமாச்சி பள்ளியும் சேர்ந்து தொடங்கிய வேலை அதுதான். அந்தப் பள்ளியில் கலைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதில் படிப்பவர்களில் விருப்பப்பட்டு வருகிறவர்கள் மட்டும். ஒரு சாட்சியாளர், ஒரு மாணவர், ஒரு காட்சி. இலையுதிர் காலத்தில் முதல் சந்திப்பு. படம் வெளியாவது அடுத்த கோடையில். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து படங்கள் என்று போய், இப்போது மொத்தம் 200-ஐத் தாண்டிவிட்டது.

எப்படி நடக்கிறது என்பதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. முதலில் சாட்சியாளர் பேசுவார், மாணவர் கேட்பார். எந்தக் காட்சி என்று சாட்சியாளர்தான் சொல்வார். அப்புறம் மாணவர் பென்சிலில் ஒரு வரைவு போடுவார். சாட்சியாளர் பார்ப்பார். 'இல்லை, அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.' 'வானம் இவ்வளவு வெளிச்சமாக இல்லை.' (இவை நான் உதாரணத்துக்குச் சொல்பவை. திருத்தங்கள் இந்த மாதிரிதான்.) மறுபடி வரைய வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட மோன்பே பைஜாமா எப்படித் தைத்திருக்கும், தலையில் போடும் பஞ்சுத் தொப்பி எப்படி இருக்கும் என்று அருங்காட்சியகத்தில் போய்ப் பார்ப்பார்கள். விழுந்து கிடக்கிற உடம்பின் வளைவு தெரியாதா, வகுப்புத் தோழியைத் தரையில் படுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான கஷ்டம். கிளையன்டுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே முழுசாகச் சொல்லத் தெரியாது. ஆனால் தப்பாகச் செய்து காட்டினால் உடனே 'இது இல்லை' என்பார். ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டில் வராத விஷயம் எல்லாம் முதல் டெமோவில்தான் வெளியே வரும். இங்கேயும் அதேதான் நடக்குது. எழுபது வருஷமாக ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்த கதை, ஒரு பதினாறு வயசுப் பெண் 'அப்போ அவங்க கை எங்க இருந்துச்சு?' என்று கேட்டதும் நின்றுவிடும். கதை சொல்லும்போது கை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வரைய வேண்டுமென்றால் கை எங்கேயாவது இருந்தே ஆகணும்.

நிறம் இன்னும் கஷ்டம். எரிந்த தோலின் நிறம் என்ன? கருப்பு என்றால் எந்தக் கருப்பு? டியூபிலிருந்து எடுத்த கருப்பைப் பூசினால் அது நிழல் மாதிரி இருக்குமே தவிர, மனிதர் மாதிரி இருக்காது. சிவப்பும் பழுப்பும் கலந்து, மறுபடி காட்டி, மறுபடி 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டு, மாதக்கணக்கில் ஒரு தோலின் நிறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மார்க் கிடையாது, கோப்பை கிடையாது. இது ஜப்பானில் கொஞ்சம் விசேஷம், ஏன் என்றால் அங்கே பள்ளிக் கலைப் போட்டிகள் சாதாரண விஷயமில்லை. எல்லா மாகாணப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் தேசியக் கலாசார விழா 1977-இலிருந்து நடக்கிறது. ஓவியம், போட்டோகிராபி இரண்டுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. போட்டோவுக்கென்றே ஒரு 'கோஷியென்' இருக்கு. கோஷியென் என்பது பள்ளி பேஸ்பால் இறுதிச் சுற்று நடக்கும் ஸ்டேடியத்தின் பேர். அந்த வெறியைக் கடன் வாங்கி, ஹொக்கைடோ தீவில் ஹிகாஷிகாவா என்ற சின்ன ஊர் 1994-இல் தொடங்கியது. தன்னை 'போட்டோ ஊர்' என்று 1985-இலேயே அறிவித்துக்கொண்ட ஊர் அது. மூன்று மாணவர்கள், ஒரு ஆசிரியர், ஓர் அணி. கோடையில் இறுதிச் சுற்றுக்கு வருவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஊரைச் சுற்றிப் படம் எடுத்து, தேர்ந்தெடுத்து, பெயர் பெற்ற போட்டோகிராபர்கள் முன்னால் மேடையில் வைத்து விமர்சனம் வாங்க வேண்டும். அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நேர நெருக்கடியில் கண் கூர்மையாகிறது, அது உண்மை. எங்கள் ஸ்கூலில் அந்த மாதிரி ஒரு நடுவர் என் காளான் மேகத்தைப் பார்த்து, 'தம்பி, இதை நீ எங்கே நின்னு பார்த்தே?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும்.

மோட்டோமாச்சியில் நடுவர் ஒரே ஒருவர். அன்று அங்கே இருந்தவர். அவருக்கு காம்போசிஷன் தெரியாது, பெர்ஸ்பெக்டிவ் தெரியாது. 'அழகா இருக்கு' என்று அவர் சொன்னால் ஒருவேளை படம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். 'இப்படித்தான் இருந்தது' என்று சொன்னால் முடிந்தது.

இந்த வேலையைப் பற்றி எனக்கு இரண்டு சந்தேகம் இருந்தது. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, இது பிள்ளைகளுக்குச் செய்யத்தக்க காரியமா? பதினாறு வயசில் எரிந்த உடம்பை ஒன்பது மாதம் உற்றுப் பார்ப்பது லேசான விஷயமில்லை. விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்கிற விதி அதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். 'எட்டாம் வகுப்பு முழுவதும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்' என்று எங்களுக்குச் சொன்ன மாதிரி சொல்லியிருந்தால் இது வேறு ஏதோவாக ஆகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. பாலத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். வரைகிற பெண்ணும் வரையப்படுகிற பெண்ணும் ஒரே ஊர், ஒரே பருவம். சாட்சியாளர்களும் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள்தான். எண்பத்தைந்து வயசுப் பாட்டி தன் கதையைச் சொல்வது, அன்றைக்குத் தான் இருந்த வயசில் இருக்கிற ஒருத்தியிடம்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் சிக்கலானது. இது வரலாறா? எழுபது, எண்பது வருஷத்து ஞாபகம். ஞாபகம் நகரும், மற்ற படங்களோடு கலந்துபோகும். அதை, அங்கே இல்லாத ஒருவர் வரைகிறார். மட்சுஷிகேயின் ஃபிலிமில் வெளிச்சமே வந்து விழுந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. கறாரான ஒரு வரலாற்றாசிரியர் இதை 1945-க்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்ளவும் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இந்தப் படங்கள் வேறு ஒன்றுக்கு ஆதாரம். ஒருத்தர் மனசில் எண்பது வருஷமாக என்ன தங்கியிருக்கு என்பதற்கு. குண்டு எத்தனை டிகிரி சூடு என்று ஆவணத்தில் இருக்கும். தண்ணீர் கேட்ட அப்பாவுக்கு, எரிந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் கொடுக்காமல் விட்டுவிட்ட பிள்ளை, அதையே எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கும் என்பது ஆவணத்தில் இருக்காது. ஹிரோஷிமா சாட்சியங்களில் இந்தத் தண்ணீர் திரும்பத் திரும்ப வருகிறது. 1974-இல் கோபயாஷி தாத்தா கொண்டுவந்த முதல் படத்திலும் அதுதானே இருந்தது.

இதை எல்லாம் படித்துவிட்டு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். படம் உருவாக்கித் தரும் ஏஐ டூல் ஒன்றில், மியுகி பாலம், காலை 11 மணி, 1945 என்று விவரமாக டைப் பண்ணினேன். இருபது நொடியில் வந்தது. சினிமா போஸ்டர் மாதிரி. பின்னால் தங்க நிற வெளிச்சம், முன்னால் முகத்தில் அழகாகக் கரி பூசிய ஒரு பெண். பின்னணியில், நான் கேட்கவே இல்லை, ஒரு காளான் மேகம். என் எட்டாம் வகுப்பு சார்ட் பேப்பரைத்தான் அந்த மாடலும் படித்திருக்கிறது போல. டெலிட் பண்ணிவிட்டு லேப்டாப்பை மூடினேன். வேலையில் தினமும் ஏஐ பயன்படுத்துகிறவன்தான் நான். ஆனால் அந்தப் படத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டி, இது சரியா என்று கேட்பது?

கேட்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அணுகுண்டுப் பாதிப்புக்குள்ளானவர்கள் என்று ஜப்பான் அரசு அங்கீகரித்தவர்களின் எண்ணிக்கை 2025 மார்ச்சில் முதல் முறையாக 1,00,000-க்குக் கீழே போனது. ஹிரோஷிமா, நாகசாகி இரண்டும் சேர்த்து 99,130 பேர். சராசரி வயது 86. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சாட்சியாளரின் கதையைக் கற்றுக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சொல்கிறவர்களை ஹிரோஷிமா நகராட்சி 2012-இலிருந்து பயிற்சி கொடுத்துத் தயார் செய்கிறது. சாட்சியாளர் போனபிறகு அவர்கள் பேசும்போது, பின்னால் திரையில் வருவது இந்த மாணவர்கள் வரைந்த படங்கள்தான். 2007-இல் வரைந்த முதல் மாணவர்களுக்கு இப்போது என்னைவிடச் சில வயது அதிகமாக இருக்கும்.

இந்த எபிசோடுக்காக ஊரில் இருக்கிற அம்மாவுக்கு போன் பண்ணி, அந்தப் பழைய சார்ட் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். டிபன் பாக்ஸ் இருக்கு, அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறேன் என்றார். படத்தைப் பரண் மேலிருந்து தேடி எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேகம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஷேடிங் எல்லாம் பண்ணியிருக்கிறேன். மேகத்துக்குக் கீழே ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு கலரில் ஒரு கோடு. ஒரு வீடு இல்லை, ஓர் ஆள் இல்லை.

'என்னடா, நல்லாத்தானே இருக்கு?' என்றார் அம்மா.

அவ்வளவுதான் இந்த வாரம். மோட்டோமாச்சி பள்ளி மாணவர்களின் ஓவியங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. ராத்திரி தூங்கப் போகும் முன் மட்டும் பார்க்காதீங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.